உண்மைக்கு ஓர் ஆங்கில முத்திரையா?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)



நம் கல்லூரி வளாகத்தில் ஒரு நாள், காலை முதல் மாலை வரை, காதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். மரத்தடியில் ஒருவர் ‘ஆக்சுவலா’ என்று தொடங்குவார். அவர் முடிக்குமுன் மற்றொருவர் ‘இன் ஃபேக்ட்’ என்று குறுக்கிடுவார். ‘ஃபேக்ட் என்னன்னா...’ என்று மூன்றாமவர் தீர்ப்பு வழங்குவார். கருத்தரங்க மேடை ஏறிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ‘அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்’ என்ற தொடர் பூரண கும்பம்போல் முன்னே வர, பேச்சு பின்னே வரும். மாலைப் பேருந்து வருமா வராதா என்ற செய்தி முதல் உலகப் பொருளாதாரம் வரை எல்லாவற்றிற்கும் இந்த அடைமொழி ஒன்றே.

இத்தொடர்கள் எதற்காகச் சொல்லப்படுகின்றன? ‘நான் கூறப்போவது கற்பனையன்று, கருத்துமன்று, நடந்த உண்மை’ என்று கேட்பவர்க்கு உறுதியளிப்பதற்காக. அதாவது, இவை முத்திரைகள். நான் எம். புதுப்பட்டிக்காரன். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிப்பதும், அதை ஒட்டுவதும், அதை ஒட்டிய பெட்டியைக் கட்டுவதும் பிழைப்பாக உள்ள வட்டாரம் எங்களுடையது. லேபிளில் எத்தனை என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே எத்தனை என்பதைப் பிரித்து எண்ணினால்தான் தெரியும். இது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தைப் பேச்சுக்கு மட்டும் நாம் ஏன் மறந்துவிடுகிறோம் என்பதே என் கேள்வி.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் துறைக் கருத்தரங்கில், ‘நம் வட்டாரத் தொழில் வரலாறு’ என்ற தலைப்பில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1922ஆம் ஆண்டு ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பிச் சிவகாசியில் அத்தொழிலுக்கு வித்திட்ட வரலாற்றை ஒருவாறு சொல்லி முடித்தேன். அவையில் அவ்வளவாக எழுச்சியில்லை. உடனே குரலை உயர்த்தி, “அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட், பண்டித நேரு அவர்களே எங்கள் சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று அழைத்தார்!” என்றேன். கைதட்டல் எழுந்தது. என் நெஞ்சம் நிமிர்ந்தது.

கைதட்டல் அடங்கியதும் எங்கள் பேராசிரியர் அமைதியாகக் கேட்டார்: “எந்த ஆண்டு தம்பி? எந்த ஊர் மேடையில்? கேட்டவர் யார்? எதில் எழுதியிருக்கிறார்?”

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “எல்லாருக்கும் தெரிந்ததுதானே ஐயா!” என்றேன். “எல்லாருக்கும் தெரிந்தது என்பது வேறு, நடந்தது என்பது வேறு. நேரு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்று நான் கூறவில்லை. ஆனால் ‘ஃபேக்ட்’ என்று நீ சொன்னாயே, அந்தச் சொல்லுக்கு உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்” என்றார்.

அன்று முதல் இரண்டு வாரம் நூலகத்தில் தேடினேன். நான் புரட்டிய நூல்களிலும் மலர்களிலும் ‘நேரு அழைத்தார்’ என்றே இருந்தது. நாளும் இல்லை, இடமும் இல்லை. ஒரு நூலைப் பார்த்து அடுத்த நூல், அதைப் பார்த்து அதற்கடுத்த நூல். கடைசியாக அவற்றையெல்லாம் பார்த்து நான்! சரவெடியில் திரிக்குத் திரி நெருப்புத் தாவுவதுபோலச் செய்தி தாவியிருந்தது. முதல் திரியைப் பற்ற வைத்த கை எது என்பது மட்டும் எனக்கு அகப்படவில்லை. ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயர் வழங்கி வருகிறது என்பது நான் கண்ட உண்மை. அதை நேரு சூட்டினார் என்பது நான் கேட்ட செய்தி. இரண்டையும் ஒரே முத்திரையின்கீழ் கட்டி விற்றுவிட்டேன். அதுதான் என் பிழை.

இதைத் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இதற்கு மணிமேகலையிலேயே பெயர் இருக்கிறதே!” என்றார். காப்பியத்தின் 27ஆம் காதையில், மணிமேகலை பல சமயக்கணக்கர்களின் கொள்கைகளைக் கேட்கிறாள். அங்கே அளவைவாதி, ஒன்றை நாம் எவ்வெவ்வழிகளில் அறிகிறோம் என்று பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். நேரே காண்பது ஒன்று. காட்டிலே யானையின் ஒலியைக் கேட்டு, அங்கே யானை உண்டு என்று உய்த்துணர்வது ஒன்று. நூலுரையைக் கொண்டு அறிவது ஒன்று. ‘ஐதிகம்’ என்பது இன்னொன்று. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதைக் கேட்டுத் தெளிவதே அது. “உன் குட்டி ஜப்பான் செய்தி இப்போதைக்கு ஐதிகம். காட்சி என்று சொல்லாதே. ஐதிகம் என்று சொல். யாரும் குறை சொல்லமாட்டார்கள்” என்றார் பேராசிரியர்.

நான் வியந்து போனேன். அறிந்ததை மட்டுமன்று, அறிந்த வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நுட்பமாக நம் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். நூல்களில் மட்டுமா? நாம் அன்றாடம் பேசும் மொழியிலும் அது ஊறிக் கிடக்கிறது. ‘அவன் வந்தான்’ என்றால் எனக்கே தெரியும் என்று பொருள். ‘வந்தானாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள். ‘வந்திருப்பான்’ என்றால் என் ஊகம். ‘வந்தான் போலிருக்கிறது’ என்றால் ஏதோ அடையாளத்தைக் கண்டு சொல்கிறேன். ஒரே வினைச்சொல்லின் வால், சொன்னவன் எங்கே நின்று பார்த்தான் என்பதையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தொல்காப்பியரும், முன்னோர் கூற்றை எடுத்துரைக்கும்போது ‘என்ப’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பொறுப்பைப் பிரித்துக் காட்டுகிறார்.

இத்தனை கருவிகளையும் கீழே போட்டுவிட்டு, ‘ஆக்சுவலா’ என்ற ஒரே சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கண்டதற்கும் ‘ஆக்சுவலா’, கேட்டதற்கும் ‘ஆக்சுவலா’, நேற்றிரவு கைப்பேசியில் யாரோ அனுப்பியதற்கும் ‘ஆக்சுவலா’!

ஆங்கிலத்தின்மீது எனக்குப் பகையில்லை. அந்தத் தொடர்கள் பிறந்த வீட்டை எட்டிப் பார்த்தால் அவற்றின் மதிப்பு விளங்கும். ‘ஃபேக்ட்’ என்ற சொல் இலத்தீன் மொழியில் ‘செய்யப்பட்டது’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலச் சட்ட வழக்கில் அது செயலை, சிறப்பாகக் குற்றச் செயலைக் குறித்தது. ‘ஆக்சுவல்’ என்பதும் செயலைக் குறிக்கும் வேரிலிருந்தே வந்தது. ‘மேட்டர் ஆஃப் ஃபேக்ட்’ என்பது நீதிமன்றத்தில் பிறந்த தொடர். வழக்கில் சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு கூறு. உண்மையில் என்ன நடந்தது என்பது மற்றொரு கூறு. இரண்டாவது கூற்றுக்கு இடப்பட்ட பெயர் அது. சாட்சி சொல்ல ஆள் வேண்டும், குறுக்கு விசாரணை நடக்க வேண்டும், அதன் பின்னரே அது முடிவாகும். விசாரணைக்கு உட்பட்ட ஒன்றைக் குறித்த தொடரை, விசாரணையே வேண்டாம் என்று வாயை அடைப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம். விந்தையல்லவா?

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், கண்ணால் காணக்கூடிய நிகழ்ச்சியைப் பற்றிய வாய்மொழிச் சாட்சியம் ‘நான் கண்டேன்’ என்பவருடையதாகவும், காதால் கேட்கக்கூடியதைப் பற்றியது ‘நான் கேட்டேன்’ என்பவருடையதாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 2024 சூலை முதல் நாள் தொட்டு அதன் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. சட்டத்தின் பெயர் மாறியது. இந்த விதி மாறவில்லை.

சட்டப் புத்தகத்தைப் படித்தறியாத என் தாய் இந்த விதியைக் கடைப்பிடித்ததை நான் நேரில் கண்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுத முனைந்தேன்.

நான் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சமயம். என் அம்மாவும் சின்னம்மாவும் வேலை பார்த்த வெடியாபீஸில் ஒரு நாள் பிற்பகல் மருந்து செலுத்தும் அறை ஒன்று வெடித்தது. ஒருவர் பிழைக்கவில்லை. என் சின்னம்மாவுக்கு இரு கைகளும் வெந்துபோயின. மறுநாள் விசாரணைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். அம்மாவுக்குத் துணையாக நானும் போய் நின்றேன்.

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் பகுதியில் வெடியாபீஸ் வேலைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த விதி. வருகைப் பதிவேட்டில் அந்த அறைக்கு நான்கு பெயர்களே இருந்தன. சின்னம்மாவின் பெயர் இல்லை. அங்கே கணக்குப் பார்த்தவர் படித்தவர். நல்ல சட்டை போட்டிருந்தார். “ஆக்சுவலா சார், அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட், அந்த ரூம்ல நாலு பேர்தான் இருந்தாங்க. மத்தவங்க எல்லாம் சத்தம் கேட்டு ஓடி வந்தவங்க” என்றார். அவர் சொன்ன விதத்தில் எனக்கே ஐயம் வந்துவிட்டது, ஒருவேளை அப்படித்தான் இருக்குமோ என்று!

அடுத்து அதிகாரி அம்மாவிடம் கேட்டார்: “மருந்து உராய்ஞ்சுதானம்மா வெடிச்சுது?”

“அப்படித்தான் சொல்றாக ஐயா. நான் பாக்கல. நான் தொட்டிக்கிட்ட கை கழுவிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. திரும்பினேன். பொகைதான் தெரிஞ்சுச்சு.”

“உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க?”

“எண்ணிப் பாக்கல ஐயா.”

எனக்கு வயிறு எரிந்தது. ஆறு பேர் என்று சொல்லிவிட வேண்டியதுதானே, தங்கையின் பிழைப்பல்லவா இது என்று அம்மாவின் கையைக் கிள்ளினேன். அம்மா என் பக்கம் திரும்பவில்லை. சற்று நிறுத்தி, தொடர்ந்து சொன்னார்: “ஆனா காலையில அந்த ரூமு ஆளுக தூக்குவாளியை எல்லாம் வாங்கி வேப்பமரத்தடியில வரிசையா வச்சது நான்தேன். ஆறு இருந்துச்சு. இன்னும் அங்கனதான் இருக்கு.”

அதிகாரி எழுந்து வேப்பமரத்தடிக்கு நடந்தார். ஆறு தூக்குவாளிகள். திறந்து பார்த்தார். ஆறிலும் சோறு. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் யாருடையது என்று அம்மாவைக் கேட்டு எழுதிக்கொண்டார். பதிவேட்டில் இல்லாத இரண்டு பெயர்களும் பின்னர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறின. அவற்றுள் ஒன்று சின்னம்மாவின் பெயர்.

வீடு திரும்பும் வழியில், “ஆறு பேர்னு நேராச் சொன்னா என்னம்மா?” என்று கேட்டேன். “பாக்காததைப் பாத்தேன்னு சொன்னா, பாத்ததையும் நம்ப மாட்டாகடா” என்றார் அம்மா. அன்று எனக்கு அது விளங்கவில்லை. கருத்தரங்க மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த பெருவிபத்தும், 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் எம். புதுப்பட்டிக்கு அருகே ரெங்கபாளையத்தில் 13 உயிர்களைக் கொண்டுபோன விபத்தும் நம்மில் பலருக்கு நேற்று நடந்தவைபோல் இருக்கின்றன. இத்தகைய நாட்களில் உள்ளே யார் இருந்தார், யார் தப்பினார் என்று தவித்து நிற்கும் குடும்பத்தாரிடம், ‘கன்ஃபர்ம்டு நியூஸ்’ என்ற முத்திரையுடன் பொய்க் கணக்கு ஒன்று போய்ச் சேர்ந்தால் அதன் கொடுமை எப்படியிருக்கும்? நம் செய்தித்தாள்கள் ‘உராய்வின் காரணமாக வெடித்ததாகக் கூறப்படுகிறது’ என்று எழுதுவதை நாம் கேலி செய்கிறோம். உண்மையில் அந்தக் ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லில் ஒரு நாணயம் இருக்கிறது. இன்னும் முடிவாகவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் கூறியவர் யார் என்பதையும் அது சொல்லிவிட்டால் இன்னும் நன்று.

நம் மாவட்டத்தின் பிழைப்பே இன்று இப்படியொரு வழக்காடலில்தான் நிற்கிறது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடைசெய்து, புகை குறைந்த பசுமைப் பட்டாசுகளுக்கே இசைவளித்துத் தீர்ப்புக் கூறியது. அதுமுதல், ‘பட்டாசுதான் காற்றைக் கெடுக்கிறது; இட் இஸ் எ ஃபேக்ட்’ என்று ஒரு சாரார். ‘பட்டாசுக்கும் காற்றுக்கும் தொடர்பே இல்லை, இன் ஃபேக்ட்...’ என்று நம் பக்கத்தார். இரு பக்கமும் முத்திரை ஒன்றே! இடையில் நாக்பூரிலுள்ள நீரி ஆய்வகம், பசுமைப் பட்டாசில் புகைத்துகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும் என்று அளந்து சொல்லியிருக்கிறது. இப்படி, அளந்தவர் யார், அளந்தது என்ன என்பதைச் சேர்த்துச் சொன்னால், மறுப்பவரும் அதே கருவியைக் கொண்டு அளந்து பார்க்கலாம். வழக்கு ஓர் அடியாவது நகரும். முத்திரைக்கு முத்திரை எதிர்த்தால் சத்தம் மட்டுமே மிஞ்சும். சத்தத்திற்கு நம் ஊரில் பஞ்சமில்லை!

‘நேர்முகத் தேர்வுக்குப் போனால் இந்த ஆங்கிலத் தொடர்கள்தாமே நமக்கு மதிப்பைத் தருகின்றன?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி. நானும் அதற்காகத்தான் அவற்றைக் கற்றேன். கிராமத்திலிருந்து வருகிறோம், வெடியாபீஸ் தொழிலாளியின் பிள்ளை, சாதாரணமாகச் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்ற அச்சம் நமக்குள் இருக்கிறது. அந்த அச்சமே ‘அஸ் எ மேட்டர் ஆஃப் ஃபேக்ட்’ என்று பேசுகிறது. ஆனால் எதிரே இருப்பவர் அறிவாளியாயின், ‘எப்படித் தெரியும்?’ என்ற அடுத்த கேள்வி வந்தே தீரும். அப்போது முத்திரை உதவாது, தூக்குவாளிதான் உதவும்.

தமிழிலேயே பேசிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். ‘மறுக்க முடியாத உண்மை’, ‘வெள்ளிடை மலை’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி’, ‘சொல்லித் தெரிய வேண்டுவதில்லை’ என்று எத்தனை தமிழ் முத்திரைகள் நம்மிடமும் உள்ளன! நம் கல்லூரியின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினால் பக்கத்திற்கு இரண்டு கிடைக்கும். இதே கட்டுரையில் சற்று முன் நானே ‘உண்மையில்’ என்று ஒரு முத்திரை குத்தியிருக்கிறேன். கவனித்தீர்களா? பழக்கம் அத்தனை எளிதில் போகாது. ஆகவே ஆங்கிலமா தமிழா என்பதன்று வழக்கு. முத்திரையா ஆதாரமா என்பதே வழக்கு.

நம் மாவட்டம் ஈன்ற பெருந்தலைவர் காமராசர், கோரிக்கையுடன் வந்தவர்களிடம் பெரும்பாலும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’ என்பார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முடித்துவிட்டேன் என்று முன்கூட்டி அவர் முழங்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லை நம்பி மக்கள் வீடு திரும்பினார்கள். நம்பிக்கை சொல்லின் அலங்காரத்தால் வருவதில்லை. சொல்பவர் தம் எல்லையை அறிந்திருப்பதால் வருகிறது.

தோழர்களே! நான் வேண்டுவது சிறிய காரியந்தான். இனி ‘ஆக்சுவலா’ என்று நாக்கு எழும்பும்போது ஒரு நொடி நிறுத்துவோம். இதை நான் கண்டேனா, கேட்டேனா, படித்தேனா, ஊகித்தேனா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். கண்டிருந்தால் ‘கண்டேன்’ என்போம். கேட்டிருந்தால் யாரிடம் என்போம். படித்திருந்தால் எதில் என்போம். ஊகமாயின் ஊகம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். பிறர் ‘இன் ஃபேக்ட்’ என்னும்போது, எங்கள் பேராசிரியர் என்னிடம் கேட்டதுபோல் சண்டைக்கு நிற்காமல், ‘எப்படித் தெரியும்?’ என்று அன்போடு கேட்போம்.

குட்டி ஜப்பானைப் பற்றி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நேரு அதைச் சொன்ன மேடையோ, நாளோ, செய்தித்தாள் நறுக்கோ உங்களில் எவர் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் வரலாற்றுத் துறைக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில், கொடுத்தவர் பெயரோடும் ஆதாரத்தோடும், எந்த முத்திரையும் இல்லாமல் அதை வெளியிடச் சொல்லி நானே ஆசிரியர் குழுவிடம் கேட்டுக்கொள்கிறேன்.